நாற்பது பொங்கல் அட்டைகள்: ஆவாரம்பூவும் தாளின் ஈரமும்

பின்னணி

2024 நவம்பர் முதல் வாரம். திருச்சியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நடத்தும் வாட்டர்கலர் வகுப்புக்கு ஒரு அம்மா வந்தார். வயது அறுபத்திரண்டு. அஞ்சல் துறையில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னோடு வேலை பார்த்த நாற்பது பேருக்கு, வருகிற பொங்கலுக்குள், கையால் பூ வரைந்த வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

"அப்பல்லாம் தை பொறக்கறதுக்கு முன்னாடி பத்து நாள் எங்களுக்குத் தூக்கமே கிடையாது தம்பி. மூட்டை மூட்டையா வாழ்த்து அட்டை வரும். பிரிச்சுப் பிரிச்சு விரலெல்லாம் ஜிகினா ஒட்டியிருக்கும். அவங்க யாருக்குமே இப்ப ஒரு அட்டைகூட வர்றதில்ல" என்றார்.

வரைய வேண்டிய பூக்களையும் அவரே முடிவு செய்திருந்தார். காப்புக் கட்டுக்கு உதவும் ஆவாரம்பூ, சிறுபூளை. மார்கழிக் கோலத்தில் வைக்கிற பூசணிப்பூ. அப்புறம் அவர் வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்தி. இரண்டு மாதமாக வீடியோ பார்த்துத் தானாகவே பழகியிருந்தார். இதழ்கள் தண்ணீரில் கரைந்து, ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாமல், பார்த்தவுடன் பூ என்று மட்டும் புரிகிற அந்த வகை ஓவியம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. வரவில்லை. எத்தனை முறை முயன்றும் வரவில்லை என்று ஒரு பையைத் திறந்து ஒன்பது அட்டைகளை மேஜைமேல் பரப்பினார்.

அடுத்த பத்து வாரங்களில் நடந்ததை, அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் இங்கே பதிவு செய்கிறேன். அட்டையில் பூ வரைய ஆரம்பிக்கிற பலர் இதே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள்.

முதல் நாள் கவனித்தது

ஒன்பது அட்டையிலும் ஒரே கோளாறு. நிறம் மங்கிக் கிடந்தது. இதழ் ஓரமெல்லாம் பஞ்சுபோல் பிசிறடித்திருந்தது. இரண்டாவது முறை பிரஷ் பட்ட இடங்களில் தாளின் நார் திரிதிரியாக எழுந்திருந்தது.

அட்டைகள் ஹேண்ட்மேட் பேப்பரில் செய்தவை. ஓரம் வெட்டாமல், உள்ளே காய்ந்த இதழ்த் துணுக்குகள் பதிந்து, கையில் எடுத்தாலே கீழே வைக்க மனம் வராத அழகு. இருபது அட்டை கொண்ட ஒரு கட்டாக வாங்கியிருந்தார். வரையாத ஓர் அட்டையின் மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் உள்ளே போய்விட்டது. என்னிடமிருந்த வாட்டர்கலர் தாளில் அதே அளவு சொட்டு விட்டேன். பனித்துளிபோல் உருண்டு நின்றது. நாங்கள் டீ குடித்து முடிக்கும்போதும் அது அங்கேயே இருந்தது.

வித்தியாசம் சைசிங்கில் இருக்கிறது. ஓவியத் தாளைத் தயாரிக்கும்போது கூழிலோ, மேற்பரப்பிலோ, இரண்டிலுமோ ஜெலட்டின், மாவுச்சத்து, செயற்கைப் பசை என ஏதாவது ஒன்றைச் சேர்ப்பார்கள். தண்ணீர் உடனே நாருக்குள் இறங்காமல் மேலே கொஞ்ச நேரம் தங்குவது அதனால்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் ஒரு நிறம் இன்னொன்றோடு கலந்து ஓடுகிறது, இதழ் உருவாகிறது. அவர் வாங்கிய அட்டை அழைப்பிதழுக்கும் பேனாவில் எழுதுவதற்கும் செய்தது. சைசிங் மிகக் குறைவு. அதை மட்டமான தாள் என்று சொல்ல மாட்டேன். அது வேறு வேலைக்கான தாள்.

தாளைப் பார்த்த பிறகு ஓர் ஆவாரம்பூ வரையச் சொல்லிக் கையைக் கவனித்தேன். முதலில் பென்சிலில் ஐந்து இதழ், ஐந்தும் ஒரே அளவு. இரண்டாம் எண் பிரஷால் கோட்டுக்குள் மஞ்சளை நிரப்பினார். ஓரம் கொஞ்சம் விலகியதும் திருத்தினார். அப்புறம் மறுபடியும் திருத்தினார். ஆக, கோளாறு தாளில் பாதி, கையில் பாதி. நான் அன்றைக்குத் தாளைப் பற்றி மட்டும் பேசினேன். இரண்டையும் ஒரே நாளில் சொன்னால் மனம் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அந்த முடிவு சரியென்றே இப்போதும் நினைக்கிறேன்.

தாள் பற்றிய முடிவு

அட்டைகளை வீணாக்க அவருக்கு மனமில்லை. மேலே ஜெலட்டின் பூசிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டார். மாட்டுத் தோலும் எலும்பும் என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பொங்கலுக்கு வீட்டுக்குள்ள போற அட்டை தம்பி."

அடுத்த யோசனை அவருடையது. பருத்திப் புடவைக்குப் போடுகிற மாதிரி கஞ்சி போட்டால் என்ன? நியாயமான கேள்வி. முகலாயர் காலச் சிற்றோவியங்களுக்கான தாளுக்கே மாவுக்கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி, வடிகட்டி, நான்கு அட்டைகளில் அகலப் பிரஷால் பூசினோம். மறுநாள் சொட்டு வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்துக்கு மேல் நின்றது. முன்னேற்றம்தான். ஆனால் பூச்சு சீராக விழவில்லை. ஓர் இடத்தில் நிறம் நின்றது, பக்கத்திலேயே உறிஞ்சிக்கொண்டது. அட்டை நான்கும் அப்பளம்போல் வளைந்துவிட்டன. கஞ்சி என்றால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து என்கிற கவலையும் இருந்தது. கஞ்சியோடு படிகாரம் சேர்ப்பவர்கள் உண்டு. படிகாரத்தின் அமிலம் நாளாக ஆகத் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும் என்பதால் அதை நான் தொடவில்லை.

கடைசியில் எடுத்த முடிவு: 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தி வாட்டர்கலர் தாளில் தனியாக வரைந்து, வெட்டி, மடித்த அட்டைமேல் ஒட்டுவது. மரக்கூழ்த் தாள் விலை குறைவு. ஆனால் அதில் ஈரம் சீக்கிரம் போய்விடும், புதிதாகக் கற்பவருக்கு அவகாசமே கிடைக்காது. பழகுகிறவருக்கு மலிவான தாள், கை தேர்ந்த பிறகு நல்ல தாள் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. நல்ல தாள் அதிகம் தேவைப்படுவது பழகுகிறவருக்குத்தான்.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். என் அலமாரியில் இருந்த பருத்தித் தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல அந்த ஜெலட்டின் இல்லையா?" என்று கேட்டார். உறையைத் திருப்பிப் படித்தேன். இருந்தது. பெயர் பெற்ற பருத்தித் தாள்களில் சிலவற்றுக்கு இன்றும் ஜெலட்டின்தான் சைசிங். பூச வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகும், பூசி வந்த தாளை யோசிக்காமல் நீட்டியிருக்கிறேன். விலங்குப் பொருள் சேர்க்கவில்லை என்று உறையிலேயே அச்சிட்டிருந்த வேறு பருத்தித் தாளைத் தேடி வாங்க ஒன்பது நாள் ஆனது.

அளவு விஷயத்தில் அவருடைய அனுபவம் கைகொடுத்தது. ஏ4 தாளை நான்காக வெட்டி, ஓரத்தைச் சீராக்கினால் 9.5-க்கு 13.5 சென்டிமீட்டர். 250 ஜி.எஸ்.எம். ஏ5 அட்டையைப் பாதியாக மடித்தால் ஏ6. ஓவியத்தைச் சுற்றி அரை சென்டிமீட்டர் வெள்ளை விளிம்பு கிடைக்கும். ஓவியம் சுமார் 4 கிராம், அட்டை 8 கிராம், உறை 4 கிராம். மொத்தம் 16. "இருபது கிராமுக்குள்ள இருந்தா அஞ்சு ரூபா ஸ்டாம்பு போதும்" என்று தராசில் வைக்கும் முன்பே சொன்னார். ஒட்டுவதற்கு இருபக்க டேப். வெள்ளைப் பசையில் இருக்கும் தண்ணீர் அட்டையை வளைத்துவிடும்.

கை பற்றிய முடிவு

புதுத் தாள் வந்த ஞாயிற்றுக்கிழமை பென்சிலையும் சிறு பிரஷையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பத்தாம் எண் வட்டப் பிரஷ் ஒன்று மட்டும் கொடுத்தேன். நுனி தாளைத் தொட வேண்டும், வயிறு அழுந்த வேண்டும், மறுபடி நுனியில் தூக்க வேண்டும். ஓர் அழுத்தம், ஓர் இதழ். திருத்தம் கிடையாது. அன்றைக்கு முழுக்க வெறும் இதழ்கள்தான். நூறுக்கு மேல் போட்டிருப்பார்.

கடினமாக இருந்தது ஈரத்தைப் படிப்பது. தாளில் தண்ணீர் குளமாக நிற்கும்போது நிறத்தை வைத்தால் அது எங்கேயோ போய்விடும். குளம் வடிந்து மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளக்கும்போது வைத்தால் மெதுவாக, அகலமாகப் பரவும். பளபளப்பு மங்கத் தொடங்கும்போது வைத்தால் கொஞ்சம் பரவி நிற்கும். இதழின் தொண்டைப் பக்கத்து அடர்நிறத்துக்கு அதுதான் நேரம். பளபளப்பு போன பிறகு, விரலின் பின்பக்கம் தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற நிலையில், தண்ணீர் அதிகமான பிரஷைக் கொண்டுபோகவே கூடாது. புதுத் தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிஃபிளவர்போல் ஒரு கறையை விட்டுவிடும். இதையெல்லாம் நான் இரண்டு வாரம் சொன்னேன். தலையாட்டினார். கையில் வரவில்லை.

மூன்றாவது வாரம் அவரே சொன்னார். "தம்பி, இது வாசல் தெளிச்சுக் கோலம் போடற மாதிரிதானே? ஈரம் ரொம்ப இருந்தா மாவு கரைஞ்சு ஓடும். காஞ்சுபோச்சுன்னா காத்துல பறக்கும். நடுவுல ஒரு பதம் இருக்கு."

ஐம்பது வருடமாகத் தினமும் காலையில் ஈரத்தைப் படித்துக்கொண்டிருந்த கை அது. எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் "பளபளப்பு", "குளிர்ச்சி" என்பதையெல்லாம் விட்டுவிட்டு "கோலப் பதம் வந்துருச்சா?" என்றுதான் பேசிக்கொண்டோம். அந்த வாரமே முதல் நல்ல பூ வந்தது.

ஓர் ஆவாரம்பூ

மஞ்சள் பூவை வெள்ளைத் தாளில் வரைவது எந்தப் பூவையும்விடக் கடினம். மஞ்சளுக்கு வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகிற தூரம் மிகக் குறைவு. எவ்வளவு அடர்த்தியாக வைத்தாலும் இருட்டாகாது. கறுப்பு கலந்தால் பச்சையாகி அழுக்கேறும். அதனால் பூவைப் பூவால் காட்ட முடியாது, பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் காட்ட முடியும்.

டிசம்பர் 8 அன்று அவர் போட்ட அட்டை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெறும் தண்ணீரில் இதழ்களின் இடத்தை நனைத்தார். நடுவில் இரண்டு இடத்தை உலர்வாக விட்டார். மஞ்சளை ஓரமாகத் தொட்டுவிட்டுப் பிரஷைத் தூக்கிக்கொண்டார். அது தானாக ஓடி, உலர்ந்த இடத்தின் விளிம்பில் நின்றது. காத்திருந்தார். பதம் வந்ததும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தை ஊசிமுனை அளவு எடுத்து இதழ்களின் அடியில் மூன்று இடத்தில் வைத்தார். நிழல் வந்துவிட்டது. இடப்பக்க இதழ் ஈரமாக இருக்கும்போதே இலைப்பச்சையை அதன் ஓரத்தில் கொண்டுபோய்த் தொட்டார். பச்சை மஞ்சளுக்குள் கசிந்து, இதழும் இலையும் எங்கே பிரிகின்றன என்று தெரியாமல் போனது. வலப்பக்கத்தை முழுக்க உலர விட்டார். பிறகு இலைப்பச்சையில் அல்ட்ராமரீன் நீலமும் சியன்னாவும் கலந்த அடர்பச்சையை அந்தப் பக்கம் மட்டும் வைத்தார். இதழின் கூர்மையான ஓரம் தாளிலிருந்து எழுந்து வந்தது. கடைசியில் பிரஷ் நுனியால், கீழ்நோக்கி வளைந்து நீளும் மூன்று மகரந்தத் தாள்கள். அவ்வளவுதான். ஏழெட்டு நிமிட வேலை. அதில் பாதிக்கு மேல் சும்மா பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

பார்ப்பவர்களுக்கு இது வேகமாக வீசியடித்த ஓவியம்போல் தெரியும். அவர் ஆரம்பத்தில் வீடியோக்களில் பார்த்து நம்பியதும் அதைத்தான். உண்மையில் அது காத்திருந்து எடுத்த ஓவியம்.

மழையும் இளஞ்சிவப்பும்

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் எங்களுக்குத் தாள் காய இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஹேர் டிரையர் வைக்கலாமா என்று கேட்டார். ஓடுகிற ஈரத்தில் டிரையர் வைத்தால் காற்று நிறத்தைத் தள்ளிவிடும். பதம் தாண்டிய பிறகு, தள்ளி நின்று, மெல்லிய காற்றில் மட்டும் வைக்கச் சொன்னேன். மூன்று அட்டைகளை ஒரே நேரத்தில் எடுத்து, ஒன்று காயும்போது அடுத்ததில் வேலை செய்கிற முறைக்கு அவரே மாறிக்கொண்டார். எல்லா அட்டையையும் அருகருகே பரப்பிவைத்து, ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்துக்கொண்டே போவார். கடிதம் பிரித்த பழக்கமாக இருக்கலாம்.

பெரிய சறுக்கல் இளஞ்சிவப்பில் வந்தது. செம்பருத்திக்கு அவர் ஒரு பளீர் ரோஸ் நிறத்தை வைத்திருந்தார். ஒளிரும் சாயம் கலந்த நிறம். தாளில் வைத்தால் விளக்கு எரிகிற மாதிரி இருக்கும். அந்தச் சாயம் வெயிலில் நிற்காது. நவம்பரில் முதல் வகுப்பன்றே அவருடைய எல்லா நிறங்களையும் ஒரு துண்டுத் தாளில் கோடாகப் பூசி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஜன்னலில் ஒட்டியிருந்தேன். அதை அப்படியே மறந்தும்விட்டேன். டிசம்பர் 15 அன்று எடுத்துப் பார்த்தபோது மற்ற கோடுகள் அப்படியே இருந்தன. ரோஸ் மட்டும் வெயில் பட்ட பாதியில் வெளிறிக் கிடந்தது. அதற்குள் அந்த நிறத்தில் ஒன்பது செம்பருத்தி முடிந்திருந்தது.

அனுப்பிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அட்டை உறைக்குள் இருக்கும், அப்புறம் அலமாரிக்குள் போய்விடும், வெளிச்சம் படாது. நாளும் குறைவு. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பொங்கல் அட்டையை யாரும் உள்ள வைக்க மாட்டாங்க தம்பி. ஷோகேஸ்ல சாத்தி வைப்பாங்க, காலண்டர் பக்கத்துல செருகுவாங்க. வருஷம் முழுக்க அங்கதான் இருக்கும்." ஒன்பதையும் ஒதுக்கிவிட்டு, பி.வி. 19 என்று ட்யூபில் நிறமி எண் அச்சிட்ட குவினாக்ரிடோன் ரோஸில் மறுபடி வரைந்தார். பளீர் கொஞ்சம் குறைவு, ஆனால் நிற்கிற நிறம். அவர் முடிவுதான் சரி. ட்யூபின் பின்னால் இருக்கும் நிறமி எண்ணைப் படிக்காமல் இப்போது அவர் எதையும் வாங்குவதில்லை.

மீதியிருந்த ஏழு அட்டைகள்

முதல் நாள் ஓரங்கட்டிய ஹேண்ட்மேட் கட்டில் ஏழு அட்டைகள் மிச்சமிருந்தன. டிசம்பர் கடைசி வாரம் அவற்றை வேறு கண்ணோடு பார்த்தேன். எமில் நோல்டே என்ற ஜெர்மன் ஓவியர் தன் தோட்டத்துப் பூக்களை வாட்டர்கலரில் வரைந்தவர். அவர் வேண்டுமென்றே உறிஞ்சுகிற ஜப்பானியத் தாளைத் தேர்ந்தெடுத்து, அதை நனைத்து, நிறம் நாருக்குள் ஊறும்படி விட்டார். அவர் பூக்களின் அந்த ஆழ்ந்த நிறத்துக்கு உறிஞ்சும் தாளும் ஒரு காரணம்.

அட்டை முழுவதையும் ஸ்ப்ரேயால் நனைத்தோம். தண்ணீர் சேர்க்காத கெட்டி நிறத்தைப் பிரஷ் நிறைய எடுத்து, தேய்க்காமல் வைத்தோம். பூசணிப்பூவின் ஆரஞ்சு ஒன்று, பக்கத்தில் அடர்பச்சை ஒன்று. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஊறி, பனியில் பார்த்த பூபோல் வந்தது. ஓரம் கிடையாது, இதழ் கிடையாது, நிறம் மட்டும். பின்பக்கமும் ஊறியதால் உள்ளே ஒரு வெள்ளைத் தாள் வைத்து எழுத வேண்டியிருந்தது. ஏழும் முதல் முயற்சியிலேயே தேறின. நவம்பரில் இதே தாளில் ஒன்பதைக் கெடுத்த அதே கைதான் இது.

விளைவு

பருத்தித் தாளில் பதினாறு ஏ4 செலவானது. அறுபத்துநான்கு ஓவியம் வரைந்து, அதில் முப்பத்துமூன்று அட்டையில் ஏறியது. ஒன்பது வெளிறும் ரோஸால் போனது. மீதி இருபத்திரண்டு அவர் திருப்திக்கு வரவில்லை. ஏழு ஹேண்ட்மேட் அட்டையையும் சேர்த்து நாற்பது. 2025 ஜனவரி 4, சனிக்கிழமை, அவரே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

பொங்கல் ஜனவரி 14. அந்த வாரம் இருபத்தாறு பேர் போன் செய்ததாகச் சொன்னார். இரண்டு பேர் பதிலுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். ஒருவருக்குப் போன அட்டை வாசல் கேட்டில் செருகியிருந்து மார்கழிப் பனியில் நனைந்து, சிறுபூளையின் சாம்பல் நிறம் எதிர்ப்பக்கத்தில் பதிந்துவிட்டது. வாட்டர்கலர் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும், அதைப் பிடித்திருப்பது கோந்துதானே. ஓவியத்தின்மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்திருக்க வேண்டும். நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று அட்டைகள் திரும்பி வந்தன. இரண்டு பேர் வீடு மாறியிருந்தார்கள். ஒருவர் இறந்து எட்டு மாதமாகியிருந்தது.

அடுத்த முறை மாற்றுவது

புதிதாக யார் அட்டையோடு வந்தாலும் இனி முதல் வேலை அந்தச் சொட்டுத் தண்ணீர்தான். அதற்காக, உறிஞ்சுகிற தாளை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். நனைத்து வரைகிற முறையை முதல் வாரமே காட்டிவிடுவேன். அந்த ஏழு அட்டைகளுக்கு நாங்கள் ஏழு வாரம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. ஜன்னல் சோதனையை ஒட்டிவிட்டு மறந்தது என் தவறு. வாரம் ஒருமுறை பார்த்திருந்தால் இவ்வளவு செம்பருத்தி வீணாகியிருக்காது. தாள் எதனால் செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே யாருக்கும் கொடுப்பேன். ஈரத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது, என் சொற்களில் தொடங்காமல், வந்தவர் கை வேறு எங்கே ஈரத்தைப் பார்த்திருக்கிறது என்று முதலில் கேட்கப்போகிறேன். போன மாதம் சேர்ந்த ஒருவர் கொத்தனார். பூச்சு வேலையில் பதம் பார்ப்பதைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசினார்.

திரும்பி வந்த மூன்று அட்டையையும் அந்த அம்மா தூக்கிப்போடவில்லை. இறந்தவருக்கு எழுதிய பூசணிப்பூவை அவர் மனைவியின் இப்போதைய முகவரியைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பினார். மற்ற இரண்டும் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருக்கின்றன. ஒன்றில் புது ரோஸ் செம்பருத்தி, இன்னொன்றில் ஆவாரம்பூ. இரண்டிலும் பாதி கறுப்பு அட்டையால் மூடியிருக்கிறது. போகிக்கு முந்தின நாள் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.